சந்து செய்யும் பாட்டின் ஓசை: புறநானூறு 45-ஐ வைத்து வடிவமும் தொடையும் ஆராயும் முறை

அமைதியைப் பற்றிய கவிதை ஒன்றின் வடிவத்தையும் ஓசையையும் ஆராய்ந்து எழுதச் சொன்னால், பெரும்பாலோர் முதல் பத்தியில் பாட்டின் கருத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் எதுகை இன்ன இடத்தில் வந்துள்ளது, மோனை இன்ன இடத்தில் வந்துள்ளது, பாவகை இன்னது என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எதுகையைக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சியின் தொடக்கம் மட்டுமே; அந்த எதுகை அந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று காட்டும்போதுதான் ஆராய்ச்சி நடக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அடியிலும் கைவைத்துக் காட்ட விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்க, உள்ளே கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி இருக்க, இருவருக்கும் இடையில் நின்று கோவூர் கிழார் பாடியது என்று இதன் பழைய குறிப்புக் கூறுகிறது. திணை வஞ்சி, துறை துணைவஞ்சி. பிறரை வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்பவனிடம் சில கூறிச் சந்து (சமாதானம்) செய்விப்பதைத் துணைவஞ்சி என்பார்கள். ஆகவே இது அமைதியைப் போற்றிப் புகழும் பாட்டு என்பதைவிட, போர்முனையில் நின்று அமைதியை உண்டாக்க முயலும் பாட்டு என்பதே பொருந்தும். ஒன்பதே அடிகள் கொண்ட இதை மனப்பாடம் செய்துகொண்டு ஆராய்வது நல்லது.

முதல் வேலை, பாட்டை இரண்டு படிகளாக எழுதிக்கொள்வது. ஒன்று பொருளுக்காகச் சொல் பிரித்த படி:

இரும்பனை வெண்தோடு மலைந்தோன் அல்லன்;
கருஞ்சினை வேம்பின் தெரியலோன் அல்லன்;
நின்ன கண்ணியும் ஆர் மிடைந்தன்றே, நின்னொடு
பொருவோன் கண்ணியும் ஆர் மிடைந்தன்றே;
ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே;
இருவீர் வேறல் இயற்கையும் அன்றே, அதனால்
குடிப்பொருள் அன்று நும் செய்தி, கொடித்தேர்
நும்மோர் அன்ன வேந்தர்க்கு
மெய்ம்மலி உவகை செய்யும் இவ் இகலே.

மற்றொன்று ஓசைக்காகச் சீர் (அடியை அளக்கும் ஓசைத் துண்டு) பிரித்த படி:

இரும்பனை வெண்டோடு மலைந்தோ னல்லன்
கருஞ்சினை வேம்பின் றெரியலோ னல்லன்
நின்ன கண்ணியு மார்மிடைந் தன்றே நின்னொடு
பொருவோன் கண்ணியு மார்மிடைந் தன்றே
ஒருவீர் தோற்பினுந் தோற்பநுங் குடியே
இருவீர் வேற லியற்கையு மன்றே யதனால்
குடிப்பொரு ளன்றுநுஞ் செய்தி கொடித்தேர்
நும்மோ ரன்ன வேந்தர்க்கு
மெய்ம்மலி யுவகை செய்யுமிவ் விகலே

இரண்டு படிகளும் வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். சொல் பிரித்த படியை வைத்துச் சீர் எண்ணினால் ஐந்தாம், ஏழாம், கடைசி அடிகளில் ஐந்து சீர்கள் இருப்பதாகத் தோன்றும். சீர் பிரித்த படியை மட்டும் வைத்துக்கொண்டால் “தன்றே” என்பது எந்தச் சொல்லின் வால் என்று புரியாமல் பொருள் நழுவிவிடும். ஓசை ஓரிடத்திலும் சொல் வேறோரிடத்திலும் முறிவதைக் கண்ணால் பார்ப்பதே பல கண்டுபிடிப்புகளுக்கு வழி திறக்கும்.

பொருளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன். வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் (தலைமாலையும்) ஆத்தியால் கட்டப்பட்டது. உன்னோடு பொருகிறவன் கண்ணியும் ஆத்தியால் கட்டப்பட்டது. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்வது இயற்கையும் அன்று. ஆகவே உங்கள் செயல் குடிக்குத் தகுந்தது அன்று. உங்களைப் போன்ற கொடித்தேர் வேந்தர்களுக்கு உடல் பூரிக்கும் மகிழ்ச்சியைத் தருவதே இந்தப் பகை. பனை சேரரின் பூ, வேம்பு பாண்டியரின் பூ, ஆர் எனப்படும் ஆத்தி சோழரின் பூ என்பதை அறிந்தால் பாட்டின் வாதம் முழுவதும் விளங்கும். நலங்கிள்ளி என்றோ நெடுங்கிள்ளி என்றோ ஒரு பெயர்கூடப் பாட்டுக்குள் இல்லை. அமைதி என்னும் பொருளைத் தரும் சொல்லும் இல்லை. அமைதி பாட்டின் சொற்களில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வடிவத்துக்குள் நுழையுங்கள்.

அலகிட்டுப் பார்த்தல்

ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்னும் இரண்டு வகை அசைகளாகப் பிரித்து, வாய்பாட்டை (அந்த அசை அமைப்பின் பெயரை) அடிதோறும் கீழே எழுதுங்கள். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேர். இரண்டு குறில்கள் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா (இவை மாச்சீர்கள்); நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம் (இவை விளச்சீர்கள்); நேர் நேர் நேர் தேமாங்காய் (இது காய்ச்சீர்). இப்பாட்டுக்குக் கிடைப்பவை இவை:

1. கருவிளம், தேமாங்காய், புளிமா, தேமா
2. கருவிளம், தேமா, கருவிளம், தேமா
3. தேமா, கூவிளம், கூவிளம், தேமா, மிகுதியாக நின்னொடு
4. புளிமா, கூவிளம், கூவிளம், தேமா
5. புளிமா, கூவிளம், கூவிளம், புளிமா
6. புளிமா, தேமா, கருவிளம், தேமா, மிகுதியாக அதனால்
7. கருவிளம், கூவிளம், தேமா, புளிமா
8. தேமா, தேமா, தேமாங்காய்
9. கூவிளம், புளிமா, கூவிளம், புளிமா

ஆறாம் அடியில் “இயற்கையும்” என்னும் சொல்லின் இடையில் உள்ள ஐகாரத்தைக் குறுக்கமாக, அதாவது குறிலாக, கொண்டால் கருவிளம் கிடைக்கும். முதலடியின் “வெண்டோடு”, எட்டாம் அடியின் “வேந்தர்க்கு” ஆகிய இரண்டும் குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரத்தில்) முடிவதால் பிற்கால யாப்பில் தேமாங்காய் ஆகின்றன. நேரசையோடு ஈற்று உகரத்தையும் சேர்த்து ஓர் அசையாக்கும், தொல்காப்பியர் கூறும் நேர்பு அசையைக் கொண்டால் இரண்டும் ஈரசைச் சீர்களாகவே நின்றுவிடும். பழம்பாட்டில் காய்ச்சீர் வந்தவுடன் பாடம் பிழை என்று முடிவு செய்துவிடாமல், ஈற்றில் உள்ள உகரத்தை முதலில் பாருங்கள்.

ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராய் நிற்க, ஏனைய அடிகள் நாற்சீராய் அமைவதால் இது நேரிசை ஆசிரியப்பா. பலர் இந்தப் பெயரைச் சூட்டியதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஈற்றயலடி குறைவதும் பாட்டு ஏகாரத்தில் முடிவதும் இப்பாவின் மரபு என்பதால், அவற்றை இந்தப் புலவரின் தனிச்சாதனையாகக் காட்டக் கூடாது. மரபு ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறது. அந்த இடத்தில் புலவர் எந்தச் சொல்லை வைத்தார் என்பதே அவருடைய தேர்வு. குறைந்த அடியில் கோவூர் கிழார் “நும்மோர் அன்ன வேந்தர்க்கு” என்பதையும், ஏகாரத்தின் முன் “இகல்” என்பதையும் வைத்திருக்கிறார்.

அந்த எட்டாம் அடியை மீண்டும் பாருங்கள். ஏழு அசைகளும் நேரசைகள். ஒரு நிரைகூட இல்லை. ஒன்பது அடிகளில் இப்படி அமைந்தது இது ஒன்றே. நிரையசை இரண்டு எழுத்துகளை ஒன்றாக உருட்டிச் செல்லும்; நேரசை ஒவ்வொன்றும் தனித்து நின்று தரையில் காலூன்றும். அதனால் மிகக் குறுகிய அடியே மிக மெதுவாக ஒலிக்க வேண்டிய அடியாகிறது. நும், மோ, ரன், ன, வேந், தர்க், கு என்று வாய்விட்டு நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். உங்கள் சண்டையைப் பார்த்து மகிழப்போகிற மற்ற வேந்தர்கள் யார் என்று கேட்பவர்களின் மனத்தில் பதியும் அளவுக்கு அந்த அடி தங்கி நிற்கிறது. ஓர் அடி நீளத்தில் குறைந்தால் வேகம் கூடும் என்று பொதுவாக எழுதிவிடுவோம். அலகிடாமல் எழுதினால் இப்படித்தான் தவறு நேரும்.

அடுத்து மூன்றாம், நான்காம் அடிகள். முதற்சீரை விட்டால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே: “கண்ணியு மார்மிடைந் தன்றே”. முதற்சீரில்தான் வேற்றுமை, அதுவும் நின்ன என்னும் தேமாவுக்கும் பொருவோன் என்னும் புளிமாவுக்கும் இடையிலுள்ள ஒரே அசை வேற்றுமை. முற்றுகையிட்டவனையும் முற்றுகைக்குள் இருப்பவனையும் ஒரே ஓசைக்குள் நிறுத்தி, நீங்கள் இருவரும் ஒருவரே என்று காதுக்குச் சொல்லிவிட்டுத்தான் புலவர் ஐந்தாம் அடியில் அறிவுக்குச் சொல்கிறார். அந்த ஐந்தாம் அடியும் மா, விளம், விளம், மா என்னும் அதே வார்ப்பில்தான் வருகிறது. கண்ணி ஒன்று, கண்ணி ஒன்று, ஆகவே குடி ஒன்று என்னும் அளவை வாதம் ஓசையிலேயே கட்டப்பட்டுள்ளது.

இப்படி ஒன்றைக் கண்டால் மாற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். நான்காம் அடியை “பொருவோன் கண்ணியும் அதுவே” என்று மாற்றினால் பொருள் சிறிதும் கெடாது, சொற்சுருக்கமும் கிடைக்கும். ஆனால் இருவரையும் சம நிறையில் வைத்த தராசு சாய்ந்துவிடும். ஒருவனுடைய கண்ணிக்கு முழு அடியும் மற்றவனுடையதற்கு ஒரு சுட்டுச் சொல்லும் என்று ஆகிவிடும். சந்து செய்ய வந்தவன் ஒரு பக்கம் சாய்ந்து பேச முடியாது. இந்த மாற்றுச் சோதனையில் எதுவும் இழக்கப்படாவிட்டால் நீங்கள் கண்ட நயம் உண்மையில் நயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு வெளியே நிற்கும் சொற்கள்

மூன்றாம் அடியின் “நின்னொடு”, ஆறாம் அடியின் “அதனால்” இரண்டும் நாற்சீர்க் கணக்கில் அடங்காமல் நிற்கின்றன. இத்தகைய சொல்லைக் கூன் என்பது யாப்பு மரபு. அச்சில் இவை அடியின் இறுதியில் வந்தாலும் பொருளால் அடுத்த அடியையே சேர்ந்தவை: நின்னொடு பொருவோன், அதனால் குடிப்பொருள் அன்று. வாய்விட்டுப் படிக்கும்போது அடி முடிந்துவிட்டது என்று குரல் தாழும் நேரத்தில் இச்சொற்கள் வந்து பேச்சை அடுத்த அடிக்குத் தூக்கிக் கொடுக்கின்றன. முதலாவது, எதிரியை அறிமுகப்படுத்தும் இடம். இரண்டாவது, வாதத்திலிருந்து தீர்ப்புக்குத் திரும்பும் இடம். பாட்டின் இரண்டு திருப்பங்களிலும் மட்டும் அளவு மீறப்பட்டிருக்கிறது. ஆகவே அளவு மீறிய இடங்களைக் கண்டால் அவற்றைக் குறையாக ஒதுக்காமல், பாட்டின் பொருள் எங்கே திரும்புகிறது என்று தேடுங்கள்.

ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் முறையாகிய தளையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனெனில் அதை அளவுக்கு மீறி அழுத்தினால் ஆராய்ச்சி வறண்டுபோகும். இரண்டாம் அடியும் கடைசி அடியும் விளம், மா, விளம், மா என்னும் ஒரே அமைப்பை உடையவை. ஆனால் இரண்டாம் அடிக்குள் சீர்களுக்கு இடையே வருவன எல்லாம் இயற்சீர் வெண்டளைகள் (மாவின் பின் நிரையும் விளத்தின் பின் நேரும் வருவது). கடைசி அடிக்குள் வருவன எல்லாம் ஆசிரியத்தளைகள் (மாவின் பின் நேரும் விளத்தின் பின் நிரையும் வருவது). வெண்பாவுக்கு உரிய செப்பலோசையின் கட்டோடு தொடங்கும் ஓசை, அகவலுக்கே, அதாவது ஆசிரியப்பாவுக்கே, உரிய சீரான நடையில் வந்து இறங்குகிறது. இதைப் புலவர் எண்ணிச் செய்தார் என்று நான் கூறமாட்டேன். முடிவில் காது ஓர் அமைதியை உணர்வதற்கு இதுவும் காரணம் என்று கூறுவேன்.

தொடைகளைத் தேடுவது

எதுகை, மோனை போன்ற இயைபுகளைத் தொடை என்பார்கள். இப்போது வண்ணப் பென்சிலை எடுத்து அடிதோறும் இரண்டாம் எழுத்தைக் கோடிடுங்கள். இரும், கரும், நின்ன, பொரு, ஒரு, இரு, குடி, நும், மெய். முதல் ஆறு அடிகளில் ஐந்தில் இரண்டாம் எழுத்து “ரு”. முதல் இரண்டு அடிகளின் எதுகையை எல்லோரும் காண்பார்கள். இரும்பனை, கருஞ்சினை என்பதைக் காணாமல் இருக்க முடியாது. அதே எழுத்து நான்கு, ஐந்து, ஆறாம் அடிகளிலும் தொடர்ந்து ஓடுவதை முழுப் பாட்டையும் கோடிட்டவர்களே காண்பார்கள். அந்தத் தொடர் அறுபடுவது மூன்றாம் அடியில் மட்டும். அந்த அடிதான் “நின்ன” என்று அரசனின் முகத்தைப் பார்த்துத் தொடங்குகிறது. சேரனையும் பாண்டியனையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று எதிரில் நிற்பவன்மேல் திரும்பும்போது, ஒலித்தொடரும் அசையும் சேர்ந்தே மாறுகின்றன. நிரையில் தொடங்கிவந்த அடிகளுக்கு நடுவே இந்த அடி நேரில் தொடங்குகிறது. எதுகை வந்த இடத்தை எழுதுவதைப் போலவே, எதிர்பார்த்த எதுகை வராத இடத்தையும் எழுதுங்கள்.

ஒருவீர், இருவீர் என்னும் சோடி எதுகையாகவும் முரணாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. ஓசையில் முதலெழுத்து ஒன்றுதான் வேறு; எண்ணில் ஒன்றும் இரண்டும் வேறு; பொருளில் தோற்றலும் வேறலும் வேறு. ஏழாம் அடியின் முதற்சீரும் நான்காம் சீரும் குடி, கொடி என்று மோனையாலும் எதுகையாலும் சேர்ந்து ஒரூஉத் தொடையாகின்றன. குடியின் நலத்தை மறந்து கொடியின் பெருமைக்காக நிற்கிறார்கள் என்னும் குறிப்பை இந்த இணைப்பு தருவதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு; கொடித்தேர் என்பது வேந்தருக்கு வழக்கமாக வரும் அடைமொழி என்பதால் வேறொருவர் இதை மறுக்கவும் கூடும். இப்படிப்பட்ட இடங்களில், உறுதியாகக் காட்டக்கூடியதையும் ஊகமாகச் சொல்வதையும் வேறுபடுத்தி எழுதுவது ஆராய்பவரின் கடமை. கடைசி அடியின் மெய்ம்மலி, செய்யும் ஆகியவை பொழிப்பெதுகை (முதற்சீரும் மூன்றாம் சீரும் இயைவது பொழிப்பு). ஆறாம் அடியின் இருவீர், இயற்கை பொழிப்பு மோனை. இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். இவற்றிலிருந்து பெரிதாக எதையும் பிழிந்தெடுக்க முயல வேண்டாம்.

எனக்கு இப்பாட்டில் மிகவும் பிடித்த இடம் “அன்று” என்னும் ஒலியின் பயணம். மூன்றாம் அடியிலும் நான்காம் அடியிலும் வரும் “மிடைந்தன்றே” என்பதற்கு மிடையப்பட்டது என்று பொருள், அது உடன்பாடு. ஆறாம் அடியின் “இயற்கையும் அன்றே”, ஏழாம் அடியின் “குடிப்பொருள் அன்று” ஆகியவை எதிர்மறை. காதுக்கு நான்கும் ஒன்றே. முதல் இரண்டு அடிகளில் “அல்லன், அல்லன்” என்று இரண்டு மறுப்பு. பிறகு “அன்றே, அன்றே” என்று இரண்டு உடன்பாடு. பிறகு அதே ஒலியில் “அன்றே, அன்று” என்று இரண்டு மறுப்பு. எதிரி வேற்றான் அல்லன் என்று மறுத்து, அவன் உன்னவன் என்று உறுதிசெய்து, ஆகவே இந்தப் போர் தகாது என்று மறுக்கிறது பாட்டு. இந்த மூன்று நகர்வுகளையும் இலக்கணக் குறிப்பு எழுதத் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் கண்டுவிடலாம். இலக்கணக் குறிப்பைத் தேர்வுக்கான சுமையாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, அது ஒரு பாட்டின் கதவைத் திறப்பதை நேரில் காட்டக்கூடிய இடம் இது.

எழுத்துகளின் வன்மையும் மென்மையும்

ஓசையை ஆராய்பவர்கள் மிக எளிதாகத் தவறும் இடம் இதுதான். வல்லினம் வந்தால் போர், மெல்லினம் வந்தால் அமைதி என்று எழுதிவிடுகிறார்கள். வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பது உண்மை. ஆனால் ஒலிக்கும் பொருளுக்கும் ஒட்டுப்போட்டது போன்ற நிலையான உறவு எதுவும் கிடையாது. அமைதி என்னும் சொல்லிலேயே தகரம் இருக்கிறது. அன்பு என்பதில் பகரம் இருக்கிறது. அதனால் எந்த ஒலி எங்கே நெருங்கி வருகிறது, எங்கே இல்லாமல் போகிறது என்று ஒரே பாட்டுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

புள்ளி பெற்ற வல்லெழுத்துகளை மட்டும் வட்டமிடுங்கள். முதல் நான்கு அடிகளில் ஒன்றுகூட இல்லை. ம், ண், ஞ், ன், ந் என்று மெல்லொற்றுகளும், ல், ர் என்று இடையொற்றுகளும் மட்டுமே உள்ளன. முதல் வல்லொற்று ஐந்தாம் அடியில் “தோற்பினும்” என்பதில் வருகிறது. உடனே “தோற்ப” என்று மீண்டும் வருகிறது. அதன்பின் இயற்கை, குடிப்பொருள், கொடித்தேர், வேந்தர்க்கு. ஆக மொத்தம் ஆறு. ஆறும் ஐந்தாம் அடி முதல் எட்டாம் அடி வரை. கடைசி அடியில் மறுபடியும் ஒன்றும் இல்லை. பூக்களையும் கண்ணிகளையும் காட்டிக் கேட்பவனை அருகில் அழைக்கும் பகுதி தடையில்லாமல் ஒழுகுகிறது. தோல்வி என்னும் சொல்லில் ஓசை முதன்முறையாக இடறுகிறது. அந்த இடறல் கண்டனம் முடியும்வரை நீடிக்கிறது. இங்கே வல்லோசை போரைக் குறிக்கவில்லை. அது புலவரின் கண்டிப்பைச் சுமக்கிறது. எண்ணிப் பாராமல் இதைச் சொன்னால் வெறும் அபிப்பிராயம் ஆகும். எண்ணிச் சொல்லும்போது மற்றவர் சரிபார்க்கக்கூடிய கூற்றாகிறது.

இலக்கண வடிவத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் அடியில் “நின்ன”, “நின்னொடு” என்று ஒருமையில் ஒருவனை நோக்கிப் பேசிய புலவர், ஐந்தாம் அடியிலிருந்து “ஒருவீர்”, “இருவீர்”, “நும்” என்று பன்மைக்கு மாறிவிடுகிறார். கோட்டைக்கு வெளியே நிற்பவனிடம் தொடங்கிய பேச்சு, கோட்டைச் சுவரைத் தாண்டி இருவரையும் ஒரே முன்னிலைக்குள் சேர்த்துக்கொள்கிறது. பகைவரை ஒரே “நும்” என்னும் சொல்லுக்குள் கொண்டுவந்ததை, இந்தப் பாட்டு நிகழ்த்திய சந்து என்றே நான் கருதுகிறேன். முதலில் சொன்ன பனையும் வேம்பும் அணிந்தவர்கள், கடைசியில் “நும்மோர் அன்ன வேந்தர்” என்று மகிழ்வோராகத் திரும்பி வருகிறார்கள். பாட்டின் தலையும் காலும் பிற வேந்தர்களால் சூழப்பட்டிருக்க, நடுவே இரண்டு சோழர்கள் நிற்கிறார்கள். உறையூரைச் சூழ்ந்த முற்றுகையைவிடப் பெரிய முற்றுகை ஒன்றைப் பாட்டின் அமைப்பு காட்டுகிறது.

எழுதும்போது

குறிப்புகள் சேர்ந்தபின் எல்லாவற்றையும் எழுத ஆசை வரும். மூன்று அல்லது நான்கு கண்டுபிடிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை ஒரே கருத்தை நோக்கிச் செல்லுமாறு அடுக்குங்கள். இப்பாட்டுக்கு என் கருத்து, எதிரிகள் இருவரும் ஒருவரே என்பதைப் பொருள் சொல்வதற்கு முன்பே ஓசை நிறுவிவிடுகிறது என்பது. அதற்கு மூன்றாம் நான்காம் அடிகளின் ஒப்புமை, அன்று என்னும் ஒலியின் திரும்புகை, ஒருமையிலிருந்து பன்மைக்கு மாறுதல் ஆகியவை போதும். வல்லொற்றின் கணக்கை வேறொரு பத்திக்கு வைத்துக்கொள்ளலாம், தளையை விட்டுவிடலாம். ஒரு பத்தி இவ்வாறு அமையலாம்:

“மூன்றாம் அடியும் நான்காம் அடியும் முதற்சீரைத் தவிர மற்றச் சீர்களில் எழுத்து மாறாமல் திரும்ப வருகின்றன. நின்ன, பொருவோன் என்னும் இரண்டு சொற்களே போரிடும் இருவரையும் பிரிக்கின்றன. அவர்களைத் தொடரும் கண்ணியும் ஆத்தியும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இதே சீர் அமைப்பில் ஐந்தாம் அடி வந்து குடியே என்று முடியும்போது, கண்ணியின் ஒருமையிலிருந்து குடியின் ஒருமைக்குக் கேட்பவர் தடையின்றிச் சென்றுவிடுகிறார்.”

இந்தப் பத்தியில் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, சான்று இருக்கிறது, அது செய்யும் வேலை சொல்லப்பட்டிருக்கிறது. அழகு, இனிமை, அற்புதம் போன்ற சொற்கள் இல்லை. அவை தாமாகவே படிப்பவர் மனத்தில் எழ வேண்டியவை.

சீரும் தளையும் இல்லாத புதுக்கவிதையை எடுத்துக்கொண்டாலும் முறை பெரிதாக மாறாது. அலகிடுவதற்குப் பதிலாக, அடி எங்கே முறிகிறது, முறிந்த இடத்தில் வாக்கியமும் முடிகிறதா அல்லது அடுத்த வரிக்குத் தாவுகிறதா, எந்தச் சொல் திரும்ப வருகிறது, மிகக் குறுகிய வரி எது, முன்னிலை எப்போது மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பார்க்கும் சோதனை அங்கே இன்னும் எளிது. இரண்டு வரிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதிப் பார்த்தால் முறிவுக்குக் காரணம் இருந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

எழுதி முடித்தபின் இரண்டு பேராகப் பாட்டைப் படியுங்கள். மூன்றாம் அடியை ஒருவரும் நான்காம் அடியை மற்றவரும் சொல்லட்டும். ஐந்தாம் அடியிலிருந்து இருவரும் சேர்ந்து சொல்லட்டும். “கண்ணியும் ஆர் மிடைந்தன்றே” என்பதை இரண்டாம் முறை சொல்பவரின் குரல் தானாகவே முதல்வருடைய இழுப்புக்கும் நிறுத்தத்துக்கும் வந்து சேர்வதைக் கேட்பீர்கள். எட்டாம் அடியில் இருவரும் ஒருசேர மெதுவாவார்கள். அப்படி நிகழாவிட்டால் உங்கள் கட்டுரையைத் திருத்துவதற்கு முன் அலகிட்டதைச் சரிபாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு சீரைச் சொல்லாக எண்ணிப் பிரித்திருப்பீர்கள்.